பி.சி.டி. இறங்குகிறது, சி.ஆர்.பி. ஏறுகிறது: அப்பா பிழைப்பாரா?

கேள்வி: மும்பை தாராவியில், 90 அடி ரோட்டில் இருக்கிறோம். அப்பாவுக்கு 63 வயது, சுகர் உண்டு. மூத்திரத்தில் வந்த இன்ஃபெக்‌ஷன் ரத்தத்தில் ஏறி செப்சிஸ் (தொற்றை எதிர்க்கப் போய் உடம்பே தன் உறுப்புகளைக் கெடுத்துக்கொள்ளும் நிலை) ஆகிவிட்டது என்று முந்தாநாள் இரவு ஐ.சி.யு.வில் சேர்த்தார்கள். சேர்த்தபோது பி.சி.டி. (புரோகால்சிட்டோனின், பாக்டீரியா தொற்றில் ரத்தத்தில் ஏறும் பொருள்) 42, இன்று 19. லாக்டேட் (உறுப்புகளுக்கு ரத்தம் போதாதபோது ஏறும் பொருள்) 4.6 இருந்தது, 2.2 ஆகியிருக்கிறது. கிரியாட்டினின் (கிட்னி சோர்ந்தால் ஏறும் எண்) 2.8. ஆனால் சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சியைக் காட்டும் எண்) 160லிருந்து 210க்கு ஏறிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர், ரத்தம் எடுத்துக் கொடுத்தால் 14,000 ரூபாயில் 'செப்சிஸ் பேனல்' என்ற பரிசோதனைத் தொகுப்பைச் செய்து அப்பா பிழைப்பாரா என்று சொல்லிவிடலாம் என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும், இந்த வாரம் அதற்கு வேறு செலவு வரும். பிழைப்பாரா மாட்டாரா என்று ஒரு மனிதரைப் பார்த்துச் சொல்லிவிடும் ரத்தப் பரிசோதனை இன்றைக்கு எங்குமே கிடையாது. இதே எண்கள் உள்ள நூறு பேரில் ஏறக்குறைய எத்தனை பேர் தேறுவார்கள் என்று சொல்லலாம். உங்கள் அப்பா எந்தப் பக்கம் என்று அந்தக் காகிதம் சொல்லாது. பி.சி.டி. 40க்கு மேல் இருந்தவர்கள் நடந்து வீட்டுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். 3 இருந்தவரை இழந்தும் இருக்கிறேன்.

முதலில் சி.ஆர்.பி. பயத்தை விடுங்கள். அது மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். உச்சிக்குப் போகவே இரண்டு நாள் எடுக்கும். நோய் தணியத் தொடங்கிய பிறகும் அது பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும். பி.சி.டி. அதைவிடச் சுறுசுறுப்பு. நல்ல உடம்பில் 0.1க்கும் கீழே இருக்கும், பாக்டீரியா பரவினால் சில மணி நேரத்தில் எகிறும், மருந்து கேட்கத் தொடங்கினால் ஏறக்குறைய நாளுக்குப் பாதியாகக் குறையும். 42 இருந்தது 19 ஆனது நல்ல போக்கு. லாக்டேட் இறங்கியது அதைவிட நல்ல சேதி. ஒரு நாள் எண்ணைப் பிடித்துக்கொண்டு அழாதீர்கள், எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பாருங்கள்.

பி.சி.டி.யின் உண்மையான வேலை வேறு. உச்சத்திலிருந்து 80 சதவீதம் இறங்கினாலோ 0.5க்குக் கீழே வந்தாலோ, ஆளும் தேறியிருந்தால், ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தலாமா என்று டாக்டர்கள் யோசிப்பார்கள். உங்கள் அப்பா கணக்கில், 42இலிருந்து 80 சதவீதம் இறங்கினால் 8.4. 2021இல் வந்த சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதலும் மருந்தை நிறுத்தத்தான் இதைத் துணைக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறது. மருந்தைத் தொடங்குவதற்கு இதைப் பார்த்துக்கொண்டு இருக்காதே என்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை விலாவாரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அப்பாவுக்கு கிரியாட்டினின் 2.8. கிட்னி சோர்ந்திருந்தால் பி.சி.டி. ரத்தத்தை விட்டுப் போக நேரமாகும். நாளைக்கு 19 பாதியாகாமல் 13 ஆக மட்டும் குறைந்தால் மருந்து தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. டயாலிசிஸ் போட்டால் இன்னொரு குழப்பம்: சில ஃபில்டர்கள் பி.சி.டி.யையும் சேர்த்து இழுத்துவிடும், நோய் குறையாமலே எண் குறையும். ஆனால் இறங்கிக்கொண்டிருந்த எண் நின்றுவிட்டாலோ திரும்ப ஏறினாலோ, சுகர்காரருக்கு மூத்திர இன்ஃபெக்‌ஷன் என்பதால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "கிட்னியில் கல் அடைப்போ சீழோ இருக்கிறதா, சோனோகிராஃபி (வயிற்று ஸ்கேன்) பார்த்தீர்களா?" அடைப்பு இருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த மருந்தும் முழுசாக வேலை செய்யாது, டியூப் போட்டுச் சீழை வெளியேற்ற வேண்டும். சோனோகிராஃபி இன்னும் எடுக்கவில்லையென்றால் எண் நிற்கும் வரை காத்திருக்காதீர்கள், இன்றே கேளுங்கள்.

இப்போது வாசலில் நிற்கும் அந்த ஆளைப் பற்றி. அவர் டியூபை பைக்கில் வைத்து இங்கே சயனிலிருந்து அந்தேரி லேபுக்கு டிராஃபிக்கில் கொண்டுபோவார். லாக்டேட் பார்க்கும் ரத்தத்தை உடனே பரிசோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கென்று இருக்கும் ஃப்ளோரைடு டியூபில் ஐஸில் வைக்க வேண்டும். சாதாரண டியூபில் கிடந்தால் உள்ளே இருக்கும் சிவப்பணுக்கள் சர்க்கரையைத் தின்று லாக்டேட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், எண் தானாக ஏறும். அந்தப் பொய்யான எண்ணைக் காட்டி, "இங்கே கவனிப்பு சரியில்லை, எங்களுக்குத் தெரிந்த நர்சிங் ஹோமில் பெட் இருக்கிறது, ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது" என்பார்கள். நர்சிங் ஹோமில் கமிஷன், ஆம்புலன்ஸில் கமிஷன், லேபில் கமிஷன். இப்படி நடுராத்திரியில் பெயர்த்துக் கொண்டுபோன ஒரு அம்மா, பிரஷரைத் தூக்கும் மருந்து ஓடிக்கொண்டிருந்த பம்ப் வழியில் நின்றுபோய், திரும்ப எங்களிடமே வந்து சேர்ந்தார். அந்த இரவை என்னால் மறக்க முடியவில்லை.

இந்த ஆட்கள் பிழைப்பு நடத்துவதற்கு ஆஸ்பத்திரிக்காரர்களான நாங்களும்தான் காரணம், அதை மறைத்துப் பயனில்லை. முனிசிபல் ஆஸ்பத்திரிகளில் சில நாள் மெஷின் ஓடும், பரிசோதனைக்கு அதில் போடும் கார்ட்ரிட்ஜ் இருக்காது. சொந்தக்காரர் கையில் டியூபைக் கொடுத்து வெளி லேபுக்கு ஓடச் சொல்வார்கள். ரிப்போர்ட் கைக்கு வரும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்ல ஆள் இருக்காது. அந்தப் பத்து நிமிடத்தை வாசலில் நிற்பவன் தருகிறான், விலை பேசிக்கொண்டு. வருஷக்கணக்காகச் சொல்லி அலுத்துவிட்டது. ஐ.சி.யு.வில் தினமும் ஒரு நேரம் வைத்துக் குடும்பத்தாரிடம் பேசுவதற்குக் கோடி ரூபாய் தேவையில்லை.

ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் நகல் தர மாட்டேன் என்றால், எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறையில் இருக்கிறது. எழுதிக் கொடுங்கள், தேதி போட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக் காலை ரவுண்ட்ஸில் பேனலைப் பற்றிப் பேசாமல் இதைக் கேளுங்கள். பிரஷரைத் தூக்க நார்அட்ரினலின் ஓடுகிறதா, டோஸ் ஏறுகிறதா இறங்குகிறதா? போதுமான சலைன் கொடுத்த பிறகும் அந்த மருந்து தேவைப்பட்டு லாக்டேட்டும் 2க்கு மேலேயே நின்றால் அதற்கு செப்டிக் ஷாக் என்று பெயர், அந்த நிலையில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவர்களை இழக்கிறோம். இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் மருந்தின் டோஸ் இறங்கிக்கொண்டிருந்தால் அதைவிட நம்பிக்கையான சேதியை எந்த லேபும் தராது. பிளட் கல்ச்சரில் எந்தக் கிருமி வந்தது, இப்போது ஓடும் மருந்து அதற்குக் கேட்குமா என்றும் கேளுங்கள், அந்த ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். பிறகு நர்ஸிடம் மூத்திரப் பை அளவு. அறுபது கிலோ ஆள் என்றால் மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். பார்வை நேரத்தில் உள்ளே போகும்போது அப்பா உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, உளறுகிறாரா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் நேற்றுவரை எப்படிப் பேசினார் என்பது உங்களுக்குத்தான் தெரியும், எங்களுக்குத் தெரியாது.