கர்ணனைத் தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) கொண்டு வந்தும் ஏன் பழைய கர்ணனாகவே நிற்கிறான்?

கர்ணனை வைத்து மலையகக் கதை, அதாவது இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கதை, எழுதினால் "பழைய கதைதானே" என்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக நீங்கள் மாற்றியது உடுப்பை மட்டும்: வில்லுக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, அரண்மனைக்குத் தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா, மேலுக்குக் கொஞ்சம் பனி, இரண்டு அட்டைக்கடி. மாற வேண்டியது அவன் பிறப்புக் கதை.

கர்ணனின் காயம் தகப்பன் பேர் தெரியாதது. அதைத் தொடாதீர்கள். அது எங்கே வலிக்கும் என்பதை மட்டும் மாற்றுங்கள். 1948 இலங்கைப் பிரஜாவுரிமை (குடியுரிமை) சட்டப்படி அதற்கு முன் இங்கே பிறந்தவன்கூட, தகப்பன் இங்கே பிறந்தவர், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டினால்தான் வம்சாவழிப் பிரஜை. வில்லுப் போட்டியில் கிருபர் கேட்ட கேள்வியை இங்கே கந்தோர் (அலுவலக) மேசைக்குப் பின்னால் இருக்கிற ஒருவர் தலை நிமிராமல் கேட்பார்.

தேரோட்டி அதிரதனை லொறி சாரதி ஆக்கிவிடாதீர்கள். தோட்டத்தில் சாரதிக்கு மதிப்பு உண்டு, இழிவு தலைகீழாகிவிடும். வாசல் கூட்டும் தொழிலாளி சரியாக இருக்கும்.

துரியோதனனைப் பெரிய கங்காணி, அதாவது ஆள் கட்டி வேலை வாங்குபவர், ஆக்க எல்லாருக்கும் கை துடிக்கும். கதை 60களில் என்றால் சரிவராது. கங்காணியின் பிடியே கடனிலும், தொழிலாளியின் கடனை எழுதிக் கொடுக்கும் துண்டு முறையிலும் இருந்தது. துண்டு 1921இல் ஒழிந்தது. சங்கத்தின் தோட்டத் தலைவர் ஆக்குங்கள். வேலைப் பதிவில் பேர் வெட்டப்பட்டவனுக்காக வேலைநிறுத்தம் செய்து திரும்பப் பேர் போட வைத்தவர். செஞ்சோற்றுக்கடன் அங்கே தானாக வந்துவிடும்.

கவச குண்டலத்தைக் கடுக்கன் ஆக்கினால் கனம் இல்லை. லயத்தில் ஒருவனைக் காப்பது செக்ரோலில், அந்த வேலைப் பதிவேட்டில், உள்ள பேர். பேர் இருந்தால் வேலை, வேலை இருந்தால் குடியிருக்கக் காம்பரா (அறை). இந்திரன் வந்து கேட்பது அந்தப் பேரை, தன் மகனுக்காக.

புராணத்தைக் கெடுக்கிறீர்கள் என்று சிலர் வருவார்கள். அருச்சுனன் தபசையும் காமன் கூத்தையும் தோட்டத்தில் ஆடி வளர்த்த சனத்துக்கு அந்த உரிமை இல்லையா? 

குந்தி உண்மை சொல்லும் இடம்தான் முக்கியம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இந்திய வம்சாவழியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே. ஆனால் ஆட்கள் பெருவாரியாகப் போனது பிறகுதான். ஆகவே 70களில் வையுங்கள், இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னார்க் கோச்சி (ரயில்) பிடிப்பதற்கு முதல்நாள் இரவு. மற்றப் பிள்ளைகளின் பேர் எல்லாம் தாளில் இருக்கிறது. இவனிடம் அவள் உறவைச் சொல்லலாம், கடவுச்சீட்டில் சேர்க்க முடியாது. "என்னோடு வா" என்று அவளை அழவிட்டு வசனம் எழுதினால் காட்சி போச்சு. அவளைப் பெட்டி கட்ட விடுங்கள், பேச்சு இடையில் வரட்டும்.

ஒன்று: 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாகிவிட்டன. அதற்குப் பிந்திய காட்சியில் வெள்ளைக்காரத் துரை நின்றால் வெட்டிவிடுங்கள்.