கடல் மினுங்குவது ஏன்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

*இரவில் வலை இழுக்கும்போது கண்ணிக்குக் கண்ணி நீலமாக மினுங்குது சேர். அது பொஸ்பரஸ் என்கிறார் அப்பா. சரியா? (மாணவி, வாழைச்சேனை)*

அப்பா கண்டது மெய், மகள். பெயர்தான் பிழை. பொஸ்பரசுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மினுங்குவது உயிர். நம் கரையோரத்தில் பெரும்பாலும் நொக்டிலூகா என்ற ஒற்றைக்கல மிதவையுயிரிதான். பெரியது 2 மில்லிமீற்றர்கூட வரும், வெந்த சவ்வரிசியின் பொடி மாதிரி. அதன் உடலில் உள்ள லூசிபெரின் என்ற வேதிப்பொருள், ஒரு நொதியத்தின் உதவியால் ஒட்சிசனோடு சேரும்போது ஒளி பிறக்கிறது, சூடு பிறப்பதில்லை. துடுப்போ வலையோ மீன்வாலோ இடித்தால் செக்கனில் பத்திலொரு பங்கு நேரம் மின்னி அணையும். கூனி போன்ற சிற்றுயிர்கள் இதைத் தின்ன வரும். திடீர் வெளிச்சத்தில் அவை திடுக்கிட்டு விலகும், பக்கத்தில் நிற்கும் மீனின் கண்ணிலும் பட்டுவிடும். தின்ன வந்தது இரையாகிறது! நான் எத்தனை முறை விளக்கினாலும் எனக்கே அலுக்காத சங்கதி இது.

நிலவில்லாத இரவில் பாருங்கள். டோர்ச்சை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்தால் கண் பழகிவிடும்.

*போத்தலில் அள்ளி வந்தேன். மறுநாள் மினுங்கவில்லையே? (பொத்துவில்)*

அடைத்த போத்தலுக்குள் வெக்கையில் செத்திருக்கும் தம்பி. இனி அள்ளினால், பார்த்துவிட்டு அங்கேயே ஊற்றிவிடுங்கள்.

*பகலில் கடல் தக்காளிச் சாறுபோல் சிவந்து கிடந்தால் மீன், மட்டி எடுக்கலாமா? (ஒலுவில்)*

நொக்டிலூகா பெருகினாலும் அப்படிச் சிவக்கும். அதில் நஞ்சில்லை, ஆனால் அமோனியா சேரும். செத்து அழுகும்போது ஒட்சிசன் குறைந்து மீன்களும் சாகும். அதே நிறத்தைத் தரும் வேறு இனங்கள் சிலவற்றில் கடும் நஞ்சுண்டு. அது மட்டிச் சதையில் தங்கும், சமைத்தாலும் போகாது. கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. ஆகவே செத்து மிதக்கும் மீனைப் பொறுக்காதீர்கள். அந்த நாட்களில் மட்டி வேண்டவே வேண்டாம்.

*கப்பலில் வேலைசெய்த மாமா, ஒரு இரவு கடல் முழுக்கப் பால்போல் வெளுத்திருந்தது என்கிறார். நம்பலாமா? (கல்முனை)*

தாராளமாக நம்பலாம். 1995 ஜனவரியில் சோமாலியாவுக்கு அப்பால் லீமா என்ற கப்பலில் இருந்தவர்கள் இதையே கண்டார்கள். பின்னாளில் செய்மதிப் படங்களைத் தோண்டிப் பார்த்தபோது, ஏறக்குறைய 15,400 சதுர கிலோமீற்றர் கடல் தொடர்ந்து மூன்று இரவுகள் ஒளிர்ந்தது தெரிந்தது. இலங்கையின் நாலிலொரு பங்குக்குக் கிட்ட! அது பற்றீரியாக்களின் வேலை. நொக்டிலூகாபோல் இடித்தால் மட்டும் மின்னுவதல்ல, கோடானுகோடியாய்ச் சேர்ந்தபின் இராமுழுக்க அணையாமல் எரியும்.