பெட்டியைப் பிரிக்கும் முன் வீட்டைப் பாருங்கள்

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு வெளியூர் போகிறோம். தனியார் வீடுகளைச் சில நாள் வாடகைக்கு எடுக்க உதவும் ஏர்பிஎன்பி செயலியில் நான்கு நாளைக்கு ஒரு வீடு எடுத்திருக்கிறோம். முன்பின் தெரியாதவர் வீட்டில் தங்குவது இதுவே முதல் தடவை. ரகசிய கேமரா இருக்குமோ என்று என் மனைவிக்குப் பயம். போய் இறங்கியதும் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: உங்கள் மனைவியின் பயம் நியாயமானதுதான். ஆனால் கேமராவுக்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: தண்ணீர் சூடாக்குவது மின்சாரமா, கேஸா?

கேஸ் கீசர் குளியலறைக்குள்ளேயே இருந்தால் மிகவும் கவனம் தேவை. கேஸ் முழுதாக எரியக் காற்று வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கும்போது உள்ளே காற்று குறையும். அரைகுறையாக எரியும் கேஸிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரும். கேஸ் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. புகைக்குழாய் கழன்றுவிடாமல் வெளியே போகிறதா, குளியலறையில் காற்றுப் போக்கு இருக்கிறதா என்று பாருங்கள். தீ மஞ்சளாக அலைபாய்ந்தாலோ, கீசரைச் சுற்றிச் சுவரில் கரி படிந்திருந்தாலோ அதைத் தொடவே வேண்டாம். தீ நீலமாக எரிகிறது என்பதற்காக மட்டும் நம்பிவிடவும் கூடாது. பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கைக்கடக்கமாகக் கிடைக்கிறது. ஒன்று வாங்கிக்கொண்டு போய், படுக்கும் அறையில் வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் சாப்பாட்டைச் சந்தேகப்பட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே எல்லோரும் வெளியே வந்துவிட்டு, பிறகு உதவிக்குக் கூப்பிடுங்கள்.

இனி கேமரா. 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் பாதுகாப்புக் கேமரா எதுவும் கூடாது என்பது ஏர்பிஎன்பியின் விதி. வாசலில் வைக்கலாம், அதையும் வீட்டு விவரத்தில் சொல்லியிருக்க வேண்டும். படுக்கையையும் குளியலறையையும் பார்த்தபடி இருக்கும் கடிகாரம், சார்ஜர், புகை அலாரம் இவற்றில்தான் தேட வேண்டும். விளக்கை அணைத்து, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து மெதுவாக அறையைச் சுற்றி அடியுங்கள். லென்ஸ் இருந்தால் ஊசிமுனை அளவில் ஒரு புள்ளி பளிச்சிடும். இருட்டில் படம் எடுக்கும் கேமராவின் அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், போனின் முன்பக்கக் கேமராவில் தெரிய வாய்ப்புண்டு. டிவி ரிமோட்டை அழுத்தி, அதன் ஒளி உங்கள் போனில் தெரிகிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். ஏதாவது கிடைத்தால் பிடுங்காதீர்கள், அது சாட்சி. இருந்தபடியே படம் எடுத்துக்கொண்டு வெளியேறி, போலீசுக்கும் நிறுவனத்துக்கும் சொல்லுங்கள்.

கதவுக்கு உட்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். வெளிப்பூட்டு மட்டும் என்றால் அதன் சாவி இன்னும் எத்தனை பேரிடம் இருக்கிறதோ!

பலர் ஏமாறுவது பணத்தில்தான். நீங்கள் கிளம்பி 14 நாள் வரை, இது உடைந்தது, அது கறைபட்டது என்று வீட்டுக்காரர் இழப்பீடு கேட்க முடியும். அதனால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே வீடு முழுக்க ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். விரிப்பைத் தூக்கி மெத்தையைக் காட்டுங்கள். டிவியைப் போட்டுத் திரையைக் காட்டுங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறலையும் கறையையும் தனித்தனியாகப் படமெடுத்து, செயலியில் உள்ள செய்திப் பகுதியிலேயே வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். தேதியும் நேரமும் அதில் பதிவாகிவிடும். பேச்சு வேறு எங்கே நடந்தாலும் பிறகு நிரூபிப்பது கஷ்டம். பணத்தைத் தனியாக அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அப்படிக் கொடுத்த பணத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்காது. வீட்டில் குறை கண்டால் 72 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும். ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கிளம்பும் நாளிலும் அதே வரிசையில் இன்னொரு வீடியோ எடுங்கள். கேஸ் வால்வு மூடியிருப்பதும் சாவியை வைத்த இடமும் அதில் இருக்கட்டும்.