"மாட்டை யார் பார்ப்பா?" – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் பெங்களூருவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கடலூருக்கு மேற்கே, கெடிலம் கரையில். அப்பாவும் அம்மாவும் மட்டும் அங்கே இருக்கிறார்கள். இரண்டு ஏக்கர் சம்பா, இரண்டு கறவை மாடு, மேட்டுக் கொல்லையில் பத்துப் பன்னிரண்டு முந்திரி மரம், அவ்வளவுதான். நான்கு வருடமாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர்களை இங்கே கூப்பிடுகிறேன். போன வருடம் டிக்கெட்டே போட்டுவிட்டுக் கேன்சல் செய்தேன். அம்மா ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்: "மாட்டை யார் பார்ப்பா?" நடவு முடிந்துவிட்டது, அறுவடை பொங்கலுக்கு மேல்தான், நடுவில் இருப்பது சும்மா இருக்கிற காலம்தானே? பெற்ற மகளைவிட மாடு பெரிதா? விற்றுவிட்டுப் பாக்கெட் பால் வாங்கிக்கொண்டால் என்ன?

இதை வைத்து ஒரு சிறுகதையும் எழுதி இணைத்திருக்கிறேன். அதில் கிறிஸ்துமஸ் சூழல் வரவே இல்லை. நம் ஊரில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாதே, எதை வைத்து எழுதுவது என்றும் சொல்லுங்கள்.

ஜெ.

அன்புள்ள ஜெ.,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாள் பாகூர் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் சம்பா பூ எடுத்து நின்றது. வண்டியை நிறுத்தி, வரப்பில் இறங்காமல், ரோட்டோரத்திலேயே நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று முழுக்க அப்பா நினைவாகவே இருந்தது. மறுநாள் உங்கள் கடிதம், அதில் "சும்மா இருக்கிற காலம்". எனக்கு வந்த கோபத்தை மறைக்கப் போவதில்லை. உங்களுக்கு என் மகள் வயசு இருக்கும், அந்த உரிமையில் கொஞ்சம் திட்டத்தான் போகிறேன்.

கதையைப் படித்தேன். நடை நன்றாக இருக்கிறது. கடைசியில் அந்த அம்மா அழுவது வேண்டாம், எடுத்துவிடுங்கள். மாட்டை விற்பது பற்றி நீங்களோ நானோ பேச ஒன்றும் இல்லை, அது அவர்கள் மாடு.

குளிர்காலம் இல்லை என்கிறீர்கள். வருடத்தை ஆறு பொழுதாகப் பிரித்த நம் முன்னோர் அதில் இரண்டைப் பனிக்கே கொடுத்தார்கள். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. உங்கள் கதையில் கோவில் குடில்மேல் பஞ்சைப் பிய்த்துப் போட்டு அதைப் பனி என்று எழுதியிருக்கிறீர்கள். அது குளிர்நாட்டுக்காரர்களின் பனி, அவர்களுக்கு அது உண்மை. உங்கள் ஊர்ப் பனி, காலை ஆறு மணிக்கு வைக்கோல் போர்மேல் கை வைத்தால் உள்ளங்கை நனைகிறதே, அது. குடிலுக்கு உங்கள் அம்மா என்ன செய்வார் என்று ஒரு வரிகூட இல்லை. என் அம்மா டிசம்பர் பத்துத் தேதிவாக்கில் ஓர் உடைந்த மூங்கில் தட்டில் சாணி எருவும் மண்ணும் பரப்பி, ஊறவைத்த கேழ்வரகைத் தூவி, ஈரச் சாக்கு போட்டு மூடி வைப்பார். இரண்டு மூன்று நாளில் முளை வந்துவிடும். இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் நான்கு விரல் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நிற்கும், அதைத் தூக்கிக் கொண்டுபோய்க் குடிலில் வைப்போம். ஒவ்வொரு நுனியிலும் ஒரு சொட்டு நீர் உட்கார்ந்திருக்கும். சின்ன வயசில் எனக்கு இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. புதுச்சேரி மாதா கோவிலைச் சம்பா கோவில் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது சம்பா நெல்லுக்காகக் கட்டிய கோவில் என்றே நினைத்திருந்தேன். செயின்ட் பால் என்ற பெயர்தான் வாயில் புரண்டு சம்பா ஆனது என்பார்கள். எனக்கு இன்றைக்கும் அந்தப் பெயரைக் கேட்டால் நெல்தான் கண்ணில் வருகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சம்பா ஐந்து மாதப் பயிர். அறுவடைக்கு ஏறக்குறைய முப்பது நாள் முன்னால் பூக்கும். பொங்கலுக்கு மேல் அறுக்கப் போகிற கழனி எப்போது பூக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் டிக்கெட் போடுகிற அதே வாரம். கதிரைத் தண்டுக்குள் மறைத்துத் தொண்டைக் கதிராக இருந்த பயிர் கதிர் வாங்கி, வெயில் ஏறியதும், ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணிக்குள் ஒவ்வொரு நெல்லாக வாய் திறக்கும். திறந்த வாயிலிருந்து நூல்போல வெளுத்த பூ தொங்கும். ஒரு மணி நேரம் போலத்தான், பிறகு மூடிவிடும், மறுபடி திறக்காது. அந்த ஒரு மணி நேரத்தில் மகரந்தம் சேர்ந்தால் அது நெல், சேராவிட்டால் பதர். அந்த நேரத்தில் கனத்த மழை அடித்தால் மகரந்தம் கழுவிக்கொண்டு போய்விடும். என் அப்பா அந்த ஏழெட்டு நாளும் காலையில் யாரையும் கழனியில் இறங்க விடமாட்டார், மருந்து அடிக்கிறவனைச் சாயங்காலம் வா என்பார். பள்ளிக்கூடம் போக நாங்கள் குறுக்கு வரப்பில்தான் ஓடுவோம். பூ எடுத்துவிட்டால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அறுபது வயசை நெருங்குகிறேன், பாகூரில் வரப்பில் கால் வைக்க இன்னும் எனக்குக் கால் வரவில்லை.

இது பகல். ராத்திரி இன்னொரு கவலை. குளிர் ஏறி, பனி இலைமேல் மணிக்கணக்காக நின்றால் குலைநோய் வரும். கதிரின் கழுத்தில் கறுத்து ஒடிந்துவிட்டால் அந்தக் கதிர் முழுக்கப் பதர்தான். அதற்காக விடிந்ததும் ஒரு நடை. மழை பெய்தால் நடுராத்திரியில் மண்வெட்டியும் டார்ச்சுமாகப் போய் மடையை வெட்டி வடியவிட வேண்டும். நண்டு வளை போட்ட வரப்பு எந்த நேரத்திலும் வாய் பிளக்கும், பக்கத்துக் கழனித் தண்ணீர் முழுக்க நம் கழனியில் இறங்கும். முந்திரி அப்போதுதான் துளிர் விடுகிறது, கொசு மாதிரி ஒரு பூச்சி வந்து துளிரில் சாறு குடித்துக் கருக்கிவிடும், அதையும் பார்க்க வேண்டும். அப்புறம் மாடு. ஈரப் புல்லாகவே தின்று கழிச்சல் போகும். வைக்கோல் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும், அதனால் போர்மேல் தார்ப்பாய் காற்றில் விலகியிருக்கிறதா என்று நாலு தரம் எட்டிப் பார்ப்பது. கொட்டகையில் சாயங்காலம் வேப்பிலையும் நொச்சியும் போட்டுப் புகை மூட்டம். தரையில் சாம்பல். கன்றுக்குட்டி முதுகில் ஒரு கோணி. விடிகாலை நாலரைக்கு என் அம்மா வெந்நீரில் கையை நனைத்து நனைத்துச் சூடு ஏற்றிக்கொண்டுதான் காம்பைத் தொடுவார். சில்லென்ற கை பட்டால் மாடு உடம்பைச் சிலிர்த்துப் பாலை அடக்கிக்கொள்ளும். ஆறு மணிக்குப் பால் சொசைட்டியில் கேன் நிற்க வேண்டும், இருபத்தைந்தாம் தேதியும்தான். நள்ளிரவுப் பூசை முடிந்து இரண்டு மணிக்கு வீடு வந்து, புதுப் புடவையை மாற்றிவிட்டு, படுக்காமலே கொட்டகைக்குப் போன அம்மாவை எத்தனையோ வருடம் பார்த்திருக்கிறேன். நடுவில் அதிரச மாவு வேறு, அந்த ஈரக் காற்றில் அரிசியை நிழலில் உலர்த்தி இடிக்கிற பாடு. இதற்குப் பெயர்தான் சும்மா இருக்கிற காலமா ஜெ.?

இதையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, உங்கள் அம்மா அதைச் சொல்லமாட்டார், சொன்னால் அபசகுனம் என்று வாயை மூடிக்கொண்டு மாட்டைக் காரணம் காட்டுவார். கடலூர்க்காரர்களுக்கு டிசம்பர் என்றாலே வயிற்றில் ஒரு கல் விழும். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை, தேவனாம்பட்டினத்தில் கடல் ஊருக்குள் வந்தது. 2011 டிசம்பர் 30, தானே புயல். 2015இல் நவம்பரில் பிடித்த மழை டிசம்பரிலும் விடவில்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது, ஒரே நாளில் புதுச்சேரியில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, ஓரிரண்டு நாளில் சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. இவ்வளவையும் வீட்டில் இருந்து பார்த்தவர்களை நீங்கள் அந்த மாதத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு வரச் சொல்கிறீர்கள்.

நானும் சொன்னவன்தான். 2011இல் நான் சென்னையில் வேலையில் இருந்தேன். உங்களைப் போலவே கோபித்துக்கொண்டேன், போனை எடுக்காமல் இருந்தேன், கடைசியில் அப்பா இறங்கி வந்தார். டிசம்பர் 22ஆம் தேதி இரண்டு பேரும் வந்தார்கள். மாட்டைப் பக்கத்துத் தெருவில் ஒரு பையனிடம் ஒப்படைத்திருந்தார்கள். நல்ல பையன், குறை சொல்ல மாட்டேன். கிறிஸ்துமஸ் முடிந்ததும் அப்பா கிளம்புகிறேன் என்றார். நான் புது வருஷம் முடியட்டும் என்றேன். 28ஆம் தேதி, காற்றழுத்தம் என்று செய்தியில் சொல்கிறான், போய்விடுகிறேன் என்றார். வருஷா வருஷம் சொல்வதுதானே என்றேன். இந்தப் பதிலை என் வாயால் சொன்னேன் ஜெ., அந்த ஹாலில், டிவி ஓடிக்கொண்டிருக்க.

29ஆம் தேதி ராத்திரி அப்பா அந்தப் பையனுக்கு விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தார். லைன் கிடைக்கவில்லை. மாட்டை அவிழ்த்துவிடச் சொல்லத்தான். புயல் ராத்திரியில் மாட்டைக் கட்டிவைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் சட்டம். மழைக்காலம் முழுக்க அப்பா சுருக்கு முடிச்சுத்தான் போடுவார், ஒரு நுனியை இழுத்தால் கயிறு கழன்றுவிடும். பையனுக்கு அது தெரியாது. மாடு அறுத்துக்கொண்டு ஓடினால் பழி வருமே என்று பயந்து இரட்டை முடிச்சாகப் போட்டிருக்கிறான்.

31ஆம் தேதிதான் ஊர் போய்ச் சேர்ந்தோம். ரோடு முழுக்க மரம், நெல்லிக்குப்பத்திலிருந்து நடை. பண்ருட்டிப் பக்கம் என் அத்தை வீட்டு முந்திரி, பலா எல்லாம் வேரோடு சாய்ந்துவிட்டது என்று வழியிலேயே சேதி சொன்னார்கள். எங்கள் கொட்டகைமேல் புளியமரம் கிடந்தது. சிவப்பு மாடு செத்துக் கிடந்தது. முளைக்குச்சியைச் சுற்றி, ஈர மண்ணில், அது கயிற்றை இழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்த தடம் வட்டமாகக் குழிந்திருந்தது. அதில் தண்ணீர் நின்றது. இன்னொரு மாடு எப்படியோ கயிற்றை அறுத்துக்கொண்டு போய்க் கழனியில் நின்றுகொண்டிருந்தது. இரண்டு நாளாகக் கறக்காத மடி கல்லாக இறுகிப்போயிருந்தது. அப்பா செத்த மாட்டின் பக்கம் திரும்பவில்லை. நேராகக் கழனியில் இறங்கி, சாய்ந்து கிடந்த நெல்லின் மேலேயே குத்துக்காலிட்டு, அந்த மடியைப் பீய்ச்ச ஆரம்பித்தார். ரத்தமும் பாலுமாகச் சேற்றில் விழுந்தது. பூ எடுத்துவிட்டால் யாரையும் கால் வைக்க விடாத இடம் அது. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அன்றும் சொல்லவில்லை, அதற்கப்புறம் இருந்த ஆறு வருடத்திலும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இப்போதும் நினைக்கிறேன். கரண்டு வர வாரக்கணக்கானது. அதுவரை ராத்திரியெல்லாம் அந்த மாட்டுக்கு அம்மா விளக்கு வெளிச்சத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்.

ஆகவே மகளா மாடா என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை உங்கள் அம்மாவிடம் இதுவரை கேட்டிருந்தால் இன்றைக்கே போன் செய்து வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் உங்கள் வீட்டுக்கு வரமாட்டார்கள் என்று யார் சொன்னது? முந்திரி பொறுக்கி முடித்த பிறகு, வைகாசிக் கடைசியில் கூப்பிடுங்கள், கழனி வெறும் தரையாகக் கிடக்கும், புயல் பயம் இருக்காது, மாட்டுக்குப் பழகின கை ஒன்று இருந்தால் பத்து நாள்கூட இருப்பார்கள்.

இந்த டிசம்பருக்கு நீங்கள் போங்கள். இருபதாம் தேதி ராத்திரி பஸ் ஏறினால் காலையில் கடலூர். ஒரு வாரம் லீவு கிடைக்காது என்று எனக்குப் பதில் எழுதாதீர்கள், ஊர் சுற்ற எடுக்கிற லீவுதான். போகும்போது கேக் வாங்கிக்கொண்டு போவதை விட ஒரு நல்ல டார்ச்சும் அப்பாவுக்கு ஒரு மழைக்கோட்டும் வாங்குங்கள். காலையில் பத்து மணிக்கு அப்பாவோடு போய்க் கழனி ஓரத்தில் நில்லுங்கள், உள்ளே இறங்க வேண்டாம்.

பால் கறக்கக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் மாடு உங்களிடம் சுரக்காது, உதைக்கவும் செய்யும். அம்மாவின் பழைய புடவை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு உட்காருங்கள், அதற்கு அந்த வாசனை தெரியும். கன்றுக்குட்டியை முதலில் ஊட்டவிடுங்கள், நுரை கட்டினதும் பிடித்து இழுத்துக் கட்டுங்கள். கையை வெந்நீரில் நனைத்து, கட்டை விரலில் துளி விளக்கெண்ணெய் தடவி, காம்பை மேலிருந்து மெதுவாக அழுத்திக்கொண்டு வாருங்கள், இழுக்காதீர்கள். அம்மா பக்கத்தில் நின்று மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு இருக்கட்டும்.