புது ரேம் போட்டதும் டிஸ்ப்ளே வரவில்லை: பதில்

நான்கு ரேம் ஸ்லாட் உள்ள டிடிஆர்4 (ரேம் வகை) மதர்போர்டில் இரண்டாவது 8 ஜிபி ரேமைப் போட்டதிலிருந்து ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு என்கிறீர்கள். நேற்றுவரை ஓடிய எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) இப்போதே மாற்ற வேண்டாம். பெரும்பாலும் ரேம் சரியாக உட்கார்ந்திருக்காது.

ப்ளக்கைக் கழற்றி, பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். இரண்டு ரேமையும் எடுங்கள். பழையதை மட்டும் ப்ராசசர் பக்கமிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் (பெரும்பாலும் ஏ2) போடுங்கள். பள்ளம் பொருந்துகிறதா பார்த்து, இரு முனையும் 'டக்'கென்று பூட்டும்வரை அழுத்தணும். போர்டு வளைகிறதே என்று பயந்து பாதியில் விடுவதுதான் வழக்கமான தப்பு.

படம் வந்தால், அணைத்து ப்ளக்கைக் கழற்றிவிட்டு அதே ஸ்லாட்டில் புதியதை மட்டும் போட்டுப் பாருங்கள். வராவிட்டால் அந்தப் புது ரேமின் தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேயுங்கள். அப்படியும் இல்லையென்றால் கடையில் மாற்றிக் கேளுங்கள். தனித்தனியே ஓடி, ஏ2, பி2-வில் (இரண்டாவது, நான்காவது ஸ்லாட்) சேர்த்தால் மட்டும் படுத்துக்கொண்டால் பெரும்பாலும் வேகம் ஒத்துப்போகவில்லை: ஒரே ரேமோடு ஆன் செய்து, பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங் திரை) எக்ஸ்எம்பியை (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் செட்டிங்) அணையுங்கள்.

பழையது மட்டும் இருந்தும் இருட்டா? ப்ளக்கைக் கழற்றி, போர்டிலுள்ள காசு வடிவ சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் வெளியே வையுங்கள். பயாஸ் செட்டிங் பழைய நிலைக்குத் திரும்பும். தேதியையும், நீங்கள் மாற்றி வைத்திருந்த செட்டிங்குகளையும் மறுபடி வைக்கணும்.