பெங்களூருவில் பழைய ரைடிங் மோவருக்கு ஸ்பேர் எங்கே கிடைக்கும்? ரிப்பேர் செய்வதா, கழித்துவிடுவதா?

கேள்வியில் நீங்கள் சொன்னதைச் சுருக்கிவிடுகிறேன். சர்ஜாபுரா ரோடு பக்கம் ஒரு குடியிருப்பு. 42 இன்ச் டெக் (அடியில் பிளேடுகளை மூடியிருக்கும் தகடு) உள்ள அமெரிக்க ரைடிங் மோவர் (உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் வண்டி), ஒற்றை சிலிண்டர் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின், பத்து வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி. சாவியைத் திருப்பினால் எஞ்சின் அரைச் சுற்று சுற்றி டக்கென்று நின்றுவிடுகிறது. அதற்கு முன்பிருந்தே புல் வெட்டும்போது வண்டி முழுக்க அதிர்கிறது. பார்க்க வந்தவர் "ஸ்டார்ட்டர் மோட்டார் போச்சு, ஸ்பேர் வராது, புதுசு வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

புதுசைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுமே பெரும்பாலும் பெங்களூருவிலேயே சரியாகிற வகை. முதல் கோளாறுக்கு ஸ்பேரே தேவைப்படாமலும் போகலாம்.

அரைச் சுற்றில் நிற்பதை முதலில் பார்ப்போம். பேட்டரியில் மல்டிமீட்டர் வையுங்கள். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், சாவி திருப்பும்போது 9.6க்குக் கீழே விழக்கூடாது. நெகட்டிவ் கேபிள் சேசிஸில் சேரும் போல்ட்டைக் கழற்றி, துருவைத் தேய்த்து மாட்டுங்கள். அது சரியென்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் வயரை பிளக் துளையிலிருந்து தள்ளி எஞ்சின் உலோகத்தில் எர்த் செய்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகாமல் சாவியைத் திருப்புங்கள். இப்போது எஞ்சின் சரசரவென்று சுற்றினால் ஸ்டார்ட்டர் மோட்டார் நன்றாக இருக்கிறது. துளையிலிருந்து பெட்ரோல் பீய்ச்சினால் கார்புரேட்டரில் பெட்ரோலை அடைக்கும் ஊசி மூடாமல் சிலிண்டருக்குள் பெட்ரோல் இறங்கியிருக்கிறது. டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள்: ஆயிலில் பெட்ரோல் வாசனை, அளவும் கூடுதல் என்றால் அந்த ஆயிலோடு எஞ்சினை ஒரு நிமிடம்கூட ஓட்டக்கூடாது. கனெக்டிங் ராடு தேய்ந்து உடைந்துவிடும்.

பெட்ரோலும் வரவில்லை, பிளக் இல்லாமல் தாராளமாகச் சுற்றுகிறது, பிளக் போட்டால் நிற்கிறது என்றால் காரணம் அநேகமாக டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ளது). இந்த எஞ்சின்களில் ஸ்டார்ட் செய்யும் வேகத்தில் மட்டும் ஒரு வால்வை மயிரிழை திறந்து வைத்து அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு சின்ன மேடு, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில் இருக்கிறது. ஓடி ஓடி வால்வு இடைவெளி கூடிவிட்டால் அந்த மேடு வால்வைத் தொடுவதே இல்லை. முழுக் கம்ப்ரஷனையும் ஸ்டார்ட்டர் தள்ள வேண்டி வருகிறது, முடியாமல் நிற்கிறது. இதைப் பார்க்காமல் ஸ்டார்ட்டர் மாற்றி, பேட்டரி மாற்றி, சொலினாய்டு (ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடும் ஸ்விட்ச்) மாற்றிப் பணத்தைக் கரைப்பவர்கள் நிறைய.

சரிசெய்ய ஒரு ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அரை மணி நேரமும் போதும். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், பேட்டரி நெகட்டிவ் கழன்றிருக்க வேண்டும். வால்வு கவரின் நான்கு போல்ட்டையும் கழற்றுங்கள். பிளக் துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, ஃப்ளைவீலை மேலிருந்து கடிகாரச் சுற்றாகக் கையால் திருப்புங்கள். விரலைக் காற்று தள்ளினால் அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். துளைக்குள் ஒரு மெல்லிய மூங்கில் குச்சியை விட்டு பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து 6 மி.மீ. கீழே இறங்கும் வரை மேலும் திருப்புங்கள். இந்த 6 மி.மீ. முக்கியம். உச்சியிலேயே வைத்து அளந்தால் அந்தக் கேம் மேடு வால்வைத் தூக்கிக்கொண்டிருக்கும், அளவு பொய்யாக வரும். இனி ராக்கருக்கும் (வால்வை அழுத்தும் கை) வால்வுத் தண்டுக்கும் நடுவே கேஜ் தகட்டை விடுங்கள். கார்புரேட்டர் பக்கத்து வால்வுக்கு 0.08 முதல் 0.13, சைலன்சர் பக்கத்து வால்வுக்கு 0.13 முதல் 0.18 மி.மீ. தகடு லேசான பிடிப்போடு நழுவ வேண்டும், தினசரிக் காலண்டர் தாளை இரண்டு விரலுக்கு நடுவே இழுப்பதுபோல. ராக்கர் நட்டை வைத்து அளவைச் சரிசெய்து, நடுவிலுள்ள லாக் ஸ்க்ரூவை இறுக்கி, எஞ்சினை இரண்டு முழுச் சுற்று திருப்பி மறுபடி அளந்து பாருங்கள். லாக் செய்யும்போது நட் கொஞ்சம் நகர்வது சகஜம். இந்த அளவுகள் ஒற்றை சிலிண்டர் ஓஎச்வி (வால்வுகள் சிலிண்டருக்கு மேலே உள்ள) எஞ்சினுக்கு உரியவை. இரட்டை சிலிண்டருக்கு அதன் மேனுவலைப் பார்த்தே செய்ய வேண்டும்.

கவர் திறந்திருக்கும்போதே புஷ் ராடுகளை (ராக்கரைத் தள்ளும் கம்பிகள்) உருவி ஒரு கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள், வளைந்தது தள்ளாடும். இடைவெளியெல்லாம் சரியாக இருந்தும் நின்றால் கேமில் இருக்கும் அந்த அமைப்பே உடைந்திருக்கலாம். அப்போது எஞ்சினை இறக்கி, அடியிலுள்ள ஆயில் சம்ப்பைப் பிரித்து, கேம் ஷாஃப்ட் மாற்ற வேண்டும். அது பெரிய வேலை. கீழே முடிவெடுக்கும் இடத்தில் அதைக் கணக்கில் சேருங்கள்.

கார்புரேட்டர் விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த எஞ்சின்களின் மேனுவல்கள் 10 சதவீதம் எத்தனால் வரைதான் அனுமதிக்கின்றன, நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும், கார்புரேட்டர் கிண்ணத்தை அரித்து வெள்ளைப் பொடி படியவைக்கும். டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ட்யூபில் கால் இன்ச் ஃபியூல் காக் ஒன்றைச் செருகுங்கள். வேலை முடிந்ததும் காக்கை மூடி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். ஊசிப் பிரச்சினையில் பாதி அதோடு போய்விடும். ஆயில் எஸ்ஏஇ 30, சுமார் 1.4 லிட்டர், நம் ஊர் வெப்பத்துக்கு அதுவே சரி. பிளக் இடைவெளி 0.76 மி.மீ.

இப்போது ஸ்பேர். கடையில் போய் வண்டி பெயரைச் சொன்னால் கையை விரித்துவிடுவார்கள். வேண்டியது நம்பர். வண்டியின் மாடல் நம்பர் சீட்டைத் தூக்கினால் கீழே ஸ்டிக்கரில் இருக்கும். எஞ்சினுக்குத் தனி நம்பர்: மாடல், டைப், கோடு என்று மூன்று வரிசை, வால்வு கவரிலோ ப்ளோயர் மூடியிலோ குத்தப்பட்டிருக்கும். மாடலின் முதல் இரண்டு இலக்கம் கன இன்ச்சில் கொள்ளளவு. 31 என்று தொடங்கினால் சுமார் 500 சிசி. கோடின் முதல் ஆறு இலக்கம் தயாரித்த நாள்: 140318 என்றால் 2014 மார்ச் 18. மூன்று வரிசையையும் ஃபோட்டோ எடுத்துவிடுங்கள், ஒரே மாடலில் டைப் மாறினால் கார்புரேட்டரே மாறும். இந்த நம்பர்களைக் கொடுத்தால் பாகங்களின் படப் பட்டியல் தயாரிப்பாளர்களின் தளங்களில் இலவசமாகவே கிடைக்கும். பழைய பார்ட் நம்பருக்குப் பதில் புது நம்பர் வந்திருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹஸ்க்வர்னாவில் 532 என்று தொடங்கும் பாகங்கள் பல, கிராஃப்ட்ஸ்மேன், பூலன் வண்டிகளிலும் இருப்பவைதான். எம்டிடி நிறுவனத்தின் பாகங்கள் கப் கேடட், ட்ராய்-பில்ட் வண்டிகளிலும் வரும். தேடும் வட்டம் பெரிதாகிவிடும்.

ஆனால் அமெரிக்காவிலிருந்து வரவழைக்க வேண்டியவை நினைப்பதைவிடக் குறைவு. அதிர்வை எடுத்துக்கொள்ளுங்கள். பிளக் வயரைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கை மட்டும் நம்பி அடியில் கை விடாதீர்கள். ஒரு பிளேடு முனையிலிருந்து தரைக்கு அளவெடுத்து, பிளேடைப் பாதிச் சுற்று திருப்பி, மறு முனை அதே இடத்துக்கு வந்ததும் அளங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் பிளேடோ அதைத் தாங்கிச் சுற்றும் ஸ்பிண்டிலோ வளைந்திருக்கிறது. ஸ்ப்ரிங்க்ளர் தலையில் ஒருமுறை மோதினாலே இது நடக்கும். பிளேடு வாங்கும்போது நீளத்தை மூலைக்கு மூலை குறுக்காக அளங்கள், நடுத் துளை வட்டமா, ஐந்து முனையா, ஆறா, ஏழா என்று பாருங்கள். நட்சத்திரத் துளைக்கு வட்டத் துளை பிளேடை வாஷர் வைத்து மாட்டுவது ஆபத்தான வேலை.

பிளேடு முனையை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ, கையால் சுற்றும்போது மணல் அரைக்கிற சத்தம் வந்தாலோ பேரிங் போய்விட்டது. ஸ்பிண்டிலுக்கு இரண்டு பேரிங். பெரும்பாலும் 6203 அல்லது 6204, இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் வகை. நம்பர் அழிந்திருந்தால் வெர்னியர் வையுங்கள்: உள் துளை 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மி.மீ. என்றால் 6203. உள் துளை 15.9 வந்தால் அது ஐந்தெட்டு இன்ச் துளை, அந்த வகையைச் சொல்லிக் கேட்க வேண்டும். சாதாரண 6203 அந்த ஷாஃப்டில் லொடலொடவென்று ஆடும். இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஒரு ஸ்பேசர் குழாய் இருக்கும். அதைத் தொலைத்துவிட்டு நட்டை இறுக்கினால் பேரிங் பக்கவாட்டில் நசுங்கி ஒரு மாதம்கூடத் தாங்காது. ஹவுசிங்கில் கிரீஸ் நிப்பிள் இருந்தால், உள்ளே பார்த்த பக்கத்துச் சீலை மட்டும் எடுத்துவிட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் கிரீஸ் பேரிங்குக்குள் போகவே போகாது.

பேரிங், ஆயில் சீல், பெல்ட்டுக்கு சிட்டி மார்க்கெட்டை ஒட்டிய எஸ்ஜேபி ரோடு, எஸ்பி ரோடு. கேபிள், சொலினாய்டு மாதிரி சாமான்களுக்கு ஜேசி ரோடு. வளைந்த ஷாஃப்டை அப்படியே கடைந்து தர பீன்யாவின் லேத் பட்டறைகள், உங்கள் பக்கத்திலிருந்து ஓசூரும் தூரமில்லை. இந்தக் கடைகளில் பெரும்பாலும் தமிழிலேயே பேசிவிடலாம். பேரிங்கில் போலி அதிகம், பில்லோடு விற்பவரிடம் வாங்குங்கள்.

பெல்ட்டில் பலர் ஏமாறுவது நீளக் கணக்கில். அமெரிக்க 4எல்800 என்பதில் 80.0 இன்ச் வெளிச்சுற்று. நம் ஊரில் ஏ-78 என்றால் 78 இன்ச் உள்சுற்று. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஏ-80 கேட்டு வாங்கினால் தொளதொளவென்று இருக்கும். மதுரையில் தயாராகும் ஃபென்னர் ஏ செக்‌ஷன் பெல்ட் அவசரத்துக்குக் கைகொடுக்கும். ஆனால் டெக் பெல்ட், பிளேடை ஓடவிடும்போதெல்லாம் வழுக்கிப் பிடிக்கிறது, பெல்ட்டை இறுக்கும் ஐட்லர் சக்கரத்தில் முதுகுப் பக்கமாகவும் மடிகிறது. அதற்கென்று அராமிட் என்ற உறுதியான நூல் போட்டுச் செய்த ஒரிஜினல் பெல்ட்டை வரவழைப்பதே என் தேர்வு, ஒன்றுக்கு இரண்டாக.

பேட்டரி யூ1 அளவு, அடிப்பாகம் 197க்கு 130 மி.மீ. மாருதி ஆல்ட்டோவுக்குப் போடும் 35 ஏஎச் பேட்டரியின் அடிப்பாகமும் கிட்டத்தட்ட அதே. உயரம்தான் 4 செ.மீ. அதிகம், டெர்மினலும் உருண்டை. சீட் அழுந்தும்போது தகடு டெர்மினலைத் தொட்டால் தீப்பிடிக்கும். சீட்டை அழுத்தி இடைவெளியை அளந்துவிட்டு வாங்குங்கள். போல்ட்டும் கவனம்: 5/16 இன்ச் போல்ட் பார்க்க எம்8 மாதிரியே இருக்கும், மரை வேறு. அலுமினிய ஹவுசிங்கில் எம்8ஐத் திணித்தால் மரை உருவிக்கொண்டு வரும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சீட் ஸ்விட்ச் போய்விட்டது என்று இரண்டு வயரையும் முறுக்கி விடாதீர்கள். ஓட்டுபவர் தவறி விழுந்தால் பிளேடு நிற்பதற்கு இருக்கும் ஒரே வழி அது. குழந்தைகள் விளையாடும் புல்வெளி உங்களுடையது. ஸ்விட்ச் வந்து சேரும் வரை வண்டி நிற்கட்டும்.

ரிப்பேரா கழிப்பா என்பதற்கு மூன்று இடங்களைப் பாருங்கள்: எஞ்சினின் அடிப்பாகம், டிரான்ஸ்ஆக்ஸில் (பின் சக்கரங்களை ஓட்டும் கியர் பெட்டி), டெக் தகடு. மூன்றில் ஒன்று மட்டும் கெட்டிருந்தால் செலவழிக்கலாம். இரண்டு போயிருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

டெக்கின் அடியில் புல்லைச் சுரண்டிவிட்டு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ஓரத்தில் ஓட்டை விழுந்தால் தகடு வைத்து வெல்டு செய்துவிடலாம். ஸ்பிண்டில் உட்காரும் இடத்தில் விரிசல் என்றால் வெல்டு சூட்டில் தகடு கோணி, பிளேடுகள் ஒரே மட்டத்தில் ஓடாது. எஞ்சினில் எப்போதும் நீலப் புகை வந்தால் உடனே கைவிட வேண்டாம். இந்த ஒற்றை சிலிண்டர்களில் சிலிண்டருக்கும் புஷ் ராடு அறைக்கும் நடுவே ஹெட் கேஸ்கட் ஊதிக்கொள்வது வழக்கமான நோய், அதிலும் ஆயில் புகையும். லீக் டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எங்கே கசிகிறது என்று பார்ப்பது) செய்தால் தெரிந்துவிடும், கேஸ்கட் மலிவு. கனெக்டிங் ராடு தட்டும் சத்தம் வந்தால்தான் கவலை.

டிரான்ஸ்ஆக்ஸில் தான் பர்ஸைக் காலி செய்வது. டஃப் டார்க் கே46 மாதிரி சின்ன ஹைட்ரோஸ்டாட்டிக்கில் (ஆயில் அழுத்தத்தில் ஓட்டும் வகை) ஆயில் இறக்கும் பிளக்கே கிடையாது, கழற்றிக் கவிழ்த்துத்தான் மாற்ற வேண்டும். காலையில் நன்றாக ஓடி, அரை மணி நேரத்தில் மேட்டில் ஏறாமல் திணறினால் உள்ளே தேய்ந்திருக்கிறது. அந்த முடிவுக்கு வருமுன் டிரைவ் பெல்ட் வழுக்குகிறதா, வண்டியைக் கையால் தள்ள விடுவிக்கும் பின்பக்கத்து ஃப்ரீவீல் கம்பி பாதி இழுத்த நிலையில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். புது யூனிட் வரவழைத்தால் கூரியர், சுங்கம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

புல்வெளியையும் அளந்துவிடுங்கள். 10,000 சதுர அடிக்குள் என்றால் 21 இன்ச் தள்ளு மோவர் ஒரு மணி நேரம் சொச்சத்தில் வெட்டிவிடும். அதற்காக டிரான்ஸ்ஆக்ஸில் வாங்க வேண்டியதில்லை. ஒரு ஏக்கர் பக்கம் என்றால் இந்த வண்டியைக் காப்பாற்றுவதே லாபம், அதுவும் ஸ்பேரை பிப்ரவரிக்குள் வரவழைத்துவிட வேண்டும். ஏப்ரல், மே கோடை மழை விழுந்ததும் புல் உங்கள் பார்சலுக்காகக் காத்திருக்காது. கழிப்பதாகவே முடிவானால் ஸ்டார்ட்டர், கார்புரேட்டர், ஸ்பிண்டில்கள், எல்லா ஸ்விட்சுகளையும் கழற்றி மாடல் நம்பர் எழுதி வைத்துக்கொண்டு, மிச்சத்தை மட்டும் எடைக்குப் போடுங்கள்.