பட்டி பார்ப்பதற்கு முன் போல்ட்டைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 14 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்று இருக்கிறது. உடல் ஃபைபர்கிளாஸ், சென்டர்போர்டு (படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்க அடியிலுள்ள பிளவு வழியாகத் தண்ணீருக்குள் இறக்கும் பலகை) மட்டும் பிளைவுட், அதன் மேல் ஃபைபர்கிளாஸ் பூச்சு. போன பருவத்தில் பாறையில் மோதிப் பலகையின் கீழ்நுனி உடைந்துவிட்டது; உள்ளே மரம் தெரிகிறது. பிறகு, மேலே தூக்கிய பலகை உட்காரும் பெட்டியின் ஓரமாகப் படகுக்குள் தண்ணீர் கசிந்தது. பலகை சுழலும் அச்சு போல்ட்டை நன்றாக முறுக்கினேன், கசிவு குறைந்தது. இப்போது பலகை ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்கிறது. மேலே தூக்கும்போது கடைசி ஒரு சாண் அளவுக்கு அசையவே இல்லை. இறக்கிவிட்டு ஓட்டினால் அலைக்கு அலை 'டக் டக்' என்று அடிக்கிறது. கார் பட்டறையில் பூசும் பட்டியை வைத்து நுனியை அடைத்து, பெயின்ட் அடித்துவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. உடைந்த நுனி கண்ணுக்குத் தெரிவதால் அதுதான் பெரிய கோளாறு என்று தோன்றுகிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் குறைந்தது மூன்று கோளாறுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று உங்கள் ஸ்பானரின் கைவரிசை.

அச்சு போல்ட் பெட்டியின் இரண்டு சுவர்களையும் துளைத்துக்கொண்டு குறுக்கே போகிறது. இரு முனையிலும் இருக்கும் ரப்பர் வாஷர்தான் தண்ணீரைத் தடுக்க வேண்டும். ரப்பர் காய்ந்து இறுகிப்போனால் கசியத் தொடங்கும். நட்டை முறுக்கினால் கசிவு குறையும்தான். ஆனால் ரப்பர் முழுவதும் நசுங்கிய பிறகு முறுக்கும் ஒவ்வொரு சுற்றும் பெட்டியின் சுவர்களை உள்பக்கமாக இழுக்கிறது. பலகை இரண்டு சுவர்களுக்கும் நடுவே நெரிபடுகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே சீராக இறுக்கம் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். நட்டை ஒரு சுற்று தளர்த்திப் பாருங்கள். பலகை தாராளமாக நகர்ந்தால் சந்தேகம் தீர்ந்தது.

கடைசிச் சாண் மட்டும் சிக்குவது வேறு கதை. பலகை முழுவதும் ஏறும்போதுதான் கீழ்நுனி பெட்டிக்குள் நுழைகிறது. உடைந்த இடம் வழியாகத் தண்ணீர் குடித்த பிளைவுட் அங்கே ஊதியிருக்கிறது. கேலிப்பரை எடுத்து, பலகையின் தடிப்பை மேலே, நடுவே, நுனியில் என்று அளந்து பாருங்கள். நுனியில் ஒரு மில்லிமீட்டர் கூடியிருந்தாலும் போதும், சிக்குவதற்கு. அந்த ஊதலைத் தேய்த்துச் சமப்படுத்தி மேலே பெயின்ட் அடிப்பவர்கள் உண்டு. ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் அடுத்த பருவத்தில் இன்னும் பெரிதாக ஊதும்.

பலகையைக் கழற்றாமல் இதில் எதையும் செய்ய முடியாது. பாய்மரத்தைக் கழற்றிவிட்டு, பழைய மெத்தை அல்லது டயர்களின் மேல் படகைப் பக்கவாட்டில் சாய்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் பலகையைத் தாங்கிப் பிடித்த பிறகே போல்ட்டை உருவ வேண்டும். உங்களுடையது மரம், அதிகக் கனம் இருக்காது. இரும்புப் பலகை உள்ளவர்கள் இந்த இடத்தில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: போல்ட் வெளியே வந்த கணமே பத்துப் பதினைந்து கிலோவோ அதற்கு மேலோ சரிந்து விழும். கட்டைகளால் முட்டுக் கொடுக்காமல் தொடக்கூடாது. பிளவுக்குள் விரலை விடவே கூடாது. உருவும்போது சிக்கினால் மேலிருந்து சுத்தியால் அடிக்காதீர்கள். கரையில் இழுத்து ஏற்றும் படகுகளில் பலகைக்கும் சுவருக்கும் நடுவே கூழாங்கல் ஆப்பு போல மாட்டிக்கொள்வது சாதாரணம். மேலிருந்து குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி, கீழிருந்து பழைய ரம்பத் தகடு ஒன்றை விட்டுத் துழாவினால் கல் விழுந்துவிடும்.

வெளியே எடுத்ததும் முதலில் நுனியைப் பார்க்காதீர்கள். அச்சுத் துளையைப் பாருங்கள். 'டக் டக்' சத்தத்துக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, படகின் அடியில் பிளவின் வாயில் பலகைக்கும் சுவருக்கும் இடைவெளி கூடியிருப்பது. அதற்கு வழுக்கும் தன்மையுள்ள மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைச் சுவரின் இரு பக்கமும் ஒட்டினால் போதும். இன்னொன்று, துளை தேய்ந்திருப்பது. வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். போல்ட்டை அதில் நுழைத்து ஆட்டினால் ஒரு திசையில் மட்டும் ஆட்டம் தெரியும். துளையின் உட்சுவரைக் கவனியுங்கள். பிளைவுட்டின் அடுக்குகள் கருத்து, நகத்தால் கீறினால் நார்நாராக வந்தால், தண்ணீர் நுனி வழியாக மட்டுமல்ல, இந்தத் துளை வழியாகவும் பல காலமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்து ஒரு நாணயத்தால் பலகை முழுவதையும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். பூச்சு மரத்தை விட்டுப் பிரிந்த இடத்தில் மொத்தென்று கேட்கும். அந்த இடங்களைப் பென்சிலால் கோடு போட்டுக் குறித்து, அங்கே பூச்சை முழுவதும் பெயர்த்து எடுங்கள். மனம் வராதுதான். நான் பார்த்த பலகைகளில் உடைந்த நுனியைச் சுற்றிப் பிரிந்திருக்கும் பரப்பு, உடைப்பைவிட எப்போதுமே பெரியது.

இனி வரும் வேலைதான் பொறுமையைச் சோதிக்கும்: காயவைப்பது. கடலில் ஓடிய படகென்றால் முதலில் நல்ல தண்ணீரில் பலகையை அலசுங்கள். உப்பு தங்கிய மரம் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். பிறகு காற்றோட்டமுள்ள நிழலில் தொங்கவிடுங்கள், அல்லது நீளம் முழுவதும் தாங்கும்படி சமமாகக் கிடத்துங்கள். வெயிலில் சுவரோடு சாய்த்து வைத்தால் காயும், வளையவும் செய்யும். வளைந்த பலகையை நிமிர்த்துவதைவிடப் புதிதாகச் செய்துவிடலாம். காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுச் சொல்ல முடியாது. மரத்தின் ஈரத்தை அளக்கும் கருவி இருந்தால் 12 சதவீதத்துக்குக் கீழே வரும் வரை காத்திருங்கள். கருவி இல்லையா, வாரத்துக்கு ஒரு முறை தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். எடை குறைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டால் அதற்கு மேல் போக ஈரமில்லை.

இப்போது உங்கள் பட்டிக்கு வருகிறேன். கார் பட்டறைப் பட்டி பாலியெஸ்டர் வகை. தகரத்தில் விழுந்த பள்ளத்தை நிரப்பச் செய்யப்பட்டது. நீரில் மூழ்கிக் கிடக்கும் மரத்தில் அது நீண்ட நாள் பிடித்து நிற்காது, தானும் தண்ணீரை உறிஞ்சும். மரத்துக்கு எபாக்ஸிதான் சரி; பிசின், அதை இறுகவைக்கும் ஹார்டனர் என்று இரண்டு பாகமாக வருவது. இரண்டு பாகங்களையும் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில் துல்லியமாகக் கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் இறுகாது, பிசுபிசுத்தே கிடக்கும். எடை விகிதமும் கொள்ளளவு விகிதமும் வேறு வேறு என்பதையும் டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள். கையுறை கட்டாயம், எபாக்ஸி தோலில் அடிக்கடி பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும், வந்தால் போகாது. தேய்க்கும்போது முகக்கவசமும் வேண்டும்.

துளையைச் சரிசெய்யும் முறை இது. துளையை போல்ட்டின் விட்டத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்குக்குப் பெரிதாக்கி, கருத்த மரத்தை எல்லாம் நீக்கி, கெட்டிப் பொருள் கலந்த எபாக்ஸியால் முழுவதும் அடைத்து, இறுகிய பிறகு சரியான அளவில் புதிதாகத் துளையிட வேண்டும். சொல்வதற்கு எளிது. இதில் ஆட்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தேய்ந்த துளையின் மையம் பழைய மையம் அல்ல. தேய்ந்த பக்கமாக அது நகர்ந்திருக்கும். எனவே பெரிதாக்குவதற்கு முன்பே, தேயாமல் மிஞ்சியிருக்கும் பக்கத்தின் வளைவைக் கொண்டு பழைய மையத்தைக் கண்டுபிடியுங்கள். அதன் வழியாகக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகளைப் பலகையின் விளிம்பு வரை நீட்டி வரைந்து வையுங்கள். அடைத்த பிறகு அந்தக் கோடுகள் வெட்டும் இடம்தான் புதுத் துளையின் மையம். இதைக் குறிக்காமல் அடைத்துவிட்டால் பலகை பெட்டிக்குள் சரியாக உட்காராது.

அடைப்பதற்கு முன், எதுவும் கலக்காத எபாக்ஸியைத் துளையின் உட்சுவரில் தூரிகையால் தடவி மரம் குடிக்க விடுங்கள். பிறகு சிலிக்கா போன்ற கெட்டிப் பொருளைச் சேர்த்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் வழியாத பதத்தில் நிரப்புங்கள். லேசாகத் தேய்படும் மைக்ரோபலூன் தூளை இங்கே பயன்படுத்தாதீர்கள்; அது மேற்பரப்பு மேடுபள்ளத்துக்கானது, போல்ட்டின் அழுத்தத்தைத் தாங்காது. புதுத் துளையில் வெண்கல புஷ் (போல்ட்டைச் சுற்றி உட்காரும் குழாய் போன்ற உறை) ஒன்றைப் பொருத்தினால் இன்னும் நல்லது.

நுனிக்கும் இதே முறைதான், கூடுதலாக ஒரு வேலை. உடைந்த விளிம்பை வெறும் மரத்தால் மீண்டும் கட்டினால் அடுத்த பாறையில் மீண்டும் திறந்துகொள்ளும். விளிம்பு நெடுகிலும் ஒரு குழிவு இழைத்து, எபாக்ஸியில் நனைத்த கண்ணாடி இழைத் திரியை அதில் பதித்து, கெட்டி எபாக்ஸியால் மூடி, இறுகிய பின் வடிவத்துக்குத் தேயுங்கள். இனி அடிபட்டாலும் சிதைவது இழைதான். மரத்துக்குத் தண்ணீர் போகாது. இதன் மேல் சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள கண்ணாடித் துணி ஒரு சுற்று. இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கூடினால் பலகை அந்தச் சமநிலையின்மைக்கு ஏற்ப வளையும். எபாக்ஸி இறுகியதும் மேலே மெழுகு போல ஒரு படலம் வரலாம். தேய்ப்பதற்கு முன்பே அதைத் தண்ணீரும் தேய்ப்பு நாரும் கொண்டு கழுவிவிடுங்கள். உப்புத்தாளைப் போட்டால் படலம் போகாது, உள்ளே அமுங்கி அடுத்த பூச்சை உரியவைக்கும்.

வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பலகை வெறும் தடுப்பு அல்ல. தண்ணீருக்குள் நிற்கும் இறக்கை. முன்விளிம்பு மழுங்கிய நீள்வட்ட வளைவில் இருக்க வேண்டும். கத்தி போல் கூராக்கினால் வேகம் வரும் என்று நினைப்பது தவறு. படகு கொஞ்சம் திரும்பினாலும் நீரோட்டம் பலகையை விட்டுப் பிரிந்து, படகு பக்கவாட்டில் நழுவும். பின்விளிம்பு மெலிந்து வந்து சுமார் 2 மில்லிமீட்டரில் சதுரமாக வெட்டுப்பட்டு நிற்கட்டும். ஓடும்போது பலகை ரீங்காரமிட்டால் பின்விளிம்பின் ஒரு பக்கத்தை மட்டும் சாய்வாகச் சீவிவிடுங்கள். பெரும்பாலும் சத்தம் நின்றுவிடும். உடையாத பகுதியின் வடிவத்தை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஒப்பிட்டுத் தேயுங்கள். போட்டிகளில் ஓட்டும் வகைப் படகென்றால் தடிப்பு, வடிவம் இரண்டுக்கும் அந்த வகையின் விதிகளில் வரம்பு இருக்கும். உப்புத்தாளைத் தொடுவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.

எபாக்ஸி வெயிலைத் தாங்காது. இரண்டு பாகமுள்ள பாலியூரிதேன் பெயின்ட் மேலே வேண்டும். கடைசியில் 400 எண் வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேய்த்தால் போதும், மெழுகு பூசிப் பளபளப்பாக்க வேண்டியதில்லை. துணி, எபாக்ஸி, பெயின்ட் எல்லாம் சேர்ந்து பலகையின் தடிப்பை அரை மில்லிமீட்டருக்கு மேல் கூட்டிவிடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பெட்டியின் இடைவெளியை முன்பே அளந்து, தேவையானால் அடிமரத்தை அந்த அளவுக்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

பலகை காய்ந்துகொண்டிருக்கும் நாட்களில் பெட்டியைக் கவனியுங்கள். பாறையில் மோதிய விசை பலகையின் நுனியோடு நிற்பதில்லை. பலகை பின்பக்கம் தள்ளப்பட்டு, பெட்டியின் பின்மூலையில் இடிக்கிறது. உங்கள் கசிவு அச்சிலிருந்தா, அந்த மூலையிலிருந்தா என்பது இன்னும் தெரியாது. போல்ட்டைப் புது ரப்பர் வாஷர்களோடு பெட்டியில் பொருத்துங்கள். படகை நிமிர்த்தித் தாங்கிகளில் நிறுத்தி, அடியிலுள்ள பிளவை வெளியிலிருந்து நல்ல டேப்பால் அடைத்து, பெட்டிக்குள் போல்ட்டுக்கு மேலே வரும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். படகின் உட்புறத்தை உலரத் துடைத்து, இணைப்புகள் மேல் சுண்ணாம்புக்கட்டியால் தடவிவிட்டால் கசியும் இடம் கருத்துக் காட்டிக்கொடுக்கும். போல்ட்டில் மட்டும் கசிந்தால் ரப்பர் சற்றே பிதுங்கும் வரை முறுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். அங்கே சிலிக்கானைப் பூசாதீர்கள். பிறகு அந்த இடத்தில் பெயின்டும் பிடிக்காது, வேறு எதுவும் பிடிக்காது.

பெட்டி படகின் தரையோடு சேரும் மூலையில் கசிந்தால், பலகையைப் பொருத்திய பிறகு ஒருவரை அதைப் பக்கவாட்டில் ஆட்டச் சொல்லி நீங்கள் உள்ளே அந்த இணைப்பைப் பாருங்கள். மயிரிழைக் கோடு திறந்து மூடினால் அது மேற்பூச்சு விரிசல் அல்ல, கட்டமைப்பே விட்டிருக்கிறது. விரிசலைச் சுற்றிப் பழைய ஃபைபரை அதன் தடிப்பைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகச் சீவி, அடுக்கடுக்காகப் புதுத் துணி போட வேண்டிய வேலை அது. ஃபைபர்கிளாஸில் கை பழகாதவர் என்றால் இதை மட்டும் படகு கட்டுபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்து பலகையை மாட்டும்போது, அதைக் கீழே பிடித்து வைக்கும் கயிறு எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மரப் பலகை மிதக்கும் என்பதால் அதைக் கீழே இழுத்துப் பிடிக்கக் கயிறு வேண்டும்தான். அது அசையாத முடிச்சாக இருந்தால், பாறை தட்டியபோது பலகை மேலே மடங்க வழியே இருந்திருக்காது. அழுத்தம் வந்தால் தானாக விடுபடும் கிளீட்டோ (கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி), இழுபடும் ரப்பர் கயிறோ போடுங்கள். கப்பியில் உரசும் இடத்தில் தூக்கும் கயிற்றின் மேலுறை பிய்ந்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். பலகை மாட்டிய பிறகு அந்த இடத்துக்குக் கை எட்டாது.